பல்லிடுக்கில் பாய்ந்த ஒளி



நாள்தோறும் கண்ணாடியில் நாம் பார்த்துக்கொள்ளும் உறுப்புகளுள் பல் ஒன்று. ஆயினும் தம் பல்லை முழுவதும் பார்த்தவர் எவரும் இலர். கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வாயினுள் அதற்கு ஐந்து முகங்கள் உண்டு. கன்னத்தை நோக்கிய முகம் ஒன்று. நாவை நோக்கிய முகம் ஒன்று. உணவை அரைக்கும் மேல்முகம் ஒன்று. இம்மூன்றும் கண்ணுக்குப் புலனாகும். மற்ற இரண்டும் முன்னும் பின்னும் உள்ள பற்களை ஒட்டி நிற்பவை. சுவரோடு சுவர் சேர்த்துக் கட்டிய வீடுகளைப் போல நிற்கும் அப்பற்களின் இடுக்கிலே துலக்கும் தூரிகை நுழையாது, நாக்குத் தீண்டாது, வைத்தியரின் கண்ணும் எட்டாது. சொத்தை குடிபுகுவதற்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறு வேண்டுமோ?

மறைந்து கிடக்கும் அவ்விரு முகங்களையும் பல்லைச் சிதைக்காமல் பார்த்துவிட வேண்டும் என்று வைத்தியர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக முயன்று வந்திருக்கிறார்கள். அம்முயற்சியின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன். விசித்திரமான வரலாறு அது. முதலில் வந்தது நாம் அனைவரும் அறிந்த ஒளி. அது தன் திறமையைக் காட்டி முடிக்குமுன்பே ஒதுக்கப்பட்டது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட எக்ஸ் கதிர் அரிய காட்சிகளைக் காட்டிற்று. அதற்கு விலையாகச் சிலருடைய கைகளையும் உயிர்களையும் வாங்கிக்கொண்டது. முக்கால் நூற்றாண்டு கழித்து ஒளி மீண்டும் வந்தது. அது திரும்பி வந்த பாதையிலே நம் பஞ்சாபில் பிறந்த இளைஞர் ஒருவரும் நிற்கின்றார்.

சொத்தை என்பது யாது என்பதை முதலில் சிறிது தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊர்களில் அதைப் பூச்சிப்பல் என்பார்கள். புழு ஒன்று பல்லைக் குடைகிறது என்னும் எண்ணம் நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. பாபிலோனியர் காலந்தொட்டு உலகின் பல பகுதிகளிலும் வழங்கி வந்ததே. பாரிஸ் நகரத்துப் பியேர் ஃபோஷார் 1728ஆம் ஆண்டில் பல் வைத்தியம் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். நுண்ணோக்கியால் தேடியும் அத்தகைய புழுவைத் தாம் காணவில்லை என்று அதில் எழுதினார். உண்மைக் காரணத்தை விளக்கியவர் பெர்லின் நகரில் பணியாற்றிய டபிள்யூ. டி. மில்லர் என்னும் அமெரிக்கர். வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையையும் மாவுப் பண்டத்தையும் புளிக்கச் செய்து அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கின்றது என்று 1890ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் அவர் விரித்துரைத்தார்.

இங்கே ஒரு நுட்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பல்லின் மேலுறையாகிய எனாமல், எடையில் நூற்றுக்கு 96 பங்கு கனிமப் பொருளே. அமிலம் அதனைக் கரைக்கத் தொடங்கியவுடன் குழி விழுந்துவிடுவதில்லை. மேற்பரப்பு ஏறக்குறைய அப்படியே நிற்க, அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் தோன்றுகின்றன. உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் அத்துளைகளில் மீண்டும் வந்து படியக்கூடும்; ஃபுளோரைடு அதற்குத் துணை செய்யும். இந்நிலையில் நோயைக் கண்டுகொண்டால் பல்லைத் துளையிட வேண்டியதில்லை. மேற்பரப்பு உடைந்து பள்ளமாகிவிட்டாலோ, குடைந்து அடைப்பதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை. நோய் இன்னும் உள்ளே சென்று நரம்பைத் தொட்டுவிட்டால் அடைப்பதும் போதாது. என் முப்பதாம் வயதில் கடைவாய்ப் பல் ஒன்றை இவ்வாறு இழந்தேன். மேலேயிருந்து பார்த்தவர்க்கு அது குறையொன்றும் இல்லாத பல். பிடுங்கிக் கையில் கொடுத்தபோதுதான் பக்கவாட்டில் ஒரு மிளகு நுழையும் அளவுக்குப் பொந்து இருந்ததைக் கண்டேன்.

ஒளியின் துணை கிடைக்குமுன் வைத்தியர்கள் என்ன செய்தார்கள்? பட்டு நூலை இடுக்கில் செலுத்தி இழுத்துப் பார்ப்பார்கள். நூல் பிசிறிக்கொண்டு வந்தால் அங்கே சொரசொரப்பு உண்டு என்று ஊகிப்பார்கள். மரச் சிம்பையோ ரப்பர்த் துண்டையோ இரு பற்களுக்கிடையே செருகி, அவை சற்றே விலகி வழிவிடும்வரை காத்திருந்து பார்ப்பதும் உண்டு. நோயாளி படும் வேதனையைச் சொல்ல வேண்டுவதில்லை. இவற்றினும் கொடியது, 1870களில் அமெரிக்காவில் பரவிய ஒரு முறை. அதனைப் போதித்தவர் பால்டிமோர் நகரத்து ராபர்ட் ஆர்தர். அவர் சாமானியர் அல்லர். பால்டிமோரில் நிறுவப்பெற்ற பல் வைத்தியக் கல்லூரியில் 1841ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர். பற்கள் ஒட்டி நிற்கும் இடத்திலேதான் மறைவாகச் சொத்தை விழுகின்றது. ஆகவே அவை ஒட்டாதபடியே செய்துவிடலாம் என்பது அவர் கருத்து. பற்களின் பக்கங்களை அரத்தால் அராவி நிலையான இடைவெளி உண்டாக்கினார்கள். நோய் வந்த எனாமலோடு நோய் வாராத எனாமலும் அரத்துக்கு இரையாயிற்று. காண முடியாத இடத்தைக் கண்டு அஞ்சிய அச்சம் அத்தகையது!

அந்த அரம் பெரும்புழக்கத்துக்கு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, கடலுக்கு அப்பால், ஜெர்மானியப் பல் வைத்தியர் ஒருவர் அரம் வேண்டாத வழியொன்றைக் கண்டிருந்தார். யூலியுஸ் புரூக் என்பது அவர் பெயர். அவர் வாழ்ந்த பிரெஸ்லாவ் நகரம் இன்று போலந்து நாட்டில் விரோத்ஸ்வாவ் என்று வழங்குகின்றது. 1867ஆம் ஆண்டில் அவர் தம் கருவியை விவரித்து நூல் வெளியிட்டார். எடிசனின் மின்விளக்கு எரிய அப்பொழுது இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. ஆனால் பிளாட்டினக் கம்பியிலே மின்கலங்களிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தினால் அது பழுத்து வெண்சுடர் விடும் என்பது முன்பே தெரிந்த செய்தி. புரூக் அக்கம்பியைச் சிறு உறைக்குள் அடக்கினார். சூடு வாயைப் பொசுக்காதபடி நீரால் குளிர்விக்க ஏற்பாடு செய்தார். அதனைப் பல்லுக்குப் பின்னே பிடித்தார். முன்னே நின்று நோக்கியபோது பல் தானே ஒளிர்வதுபோல் விளங்கிற்று. சொத்தை பற்றிய இடம் மட்டும் கருநிழலாக நின்றது.

டார்ச் விளக்கின் முகத்தை உள்ளங்கையால் மூடி, விரல்கள் செக்கச் சிவந்து ஒளிர்வதைப் பார்த்து வியக்காத சிறுவன் உண்டோ? முட்டை வாங்குபவர் அதனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நல்லதா கெட்டதா என்று பார்ப்பதும் இதே தத்துவந்தான். புரூக் அதனைப் பல்லுக்குப் பயன்படுத்தினார். மூத்திரப்பையைக் காண்பதற்கும் பயன்படுத்த முயன்றார். மாக்ஸ் நிட்சே என்னும் வைத்தியர் அவ்வழியிலே மேலும் சென்று 1877ஆம் ஆண்டில் மூத்திரப்பையின் உள்ளே பார்க்கும் கருவியை அமைத்தார். நிட்சேயின் பெயர் வைத்திய நூல்களில் நிலைத்துவிட்டது. புரூக்கின் பெயரோ பல் வைத்தியருள்ளும் பலர் அறியாதது.

அவருடைய ஒளி நிலைபெறாமற் போனதற்குக் காரணங்கள் இருந்தன. மின்கலங்களும் நீர்க்குழாயும் கம்பியுமாகச் சேர்ந்த கருவி கையாளுதற்கு எளியதன்று. பின்னர்ச் சிறு மின்விளக்குகள் வந்தன. அவற்றாலும் ஒரு குறை நீங்கவில்லை. முன்பற்கள் மெல்லியவை, அவற்றினூடே ஒளி எளிதில் பாயும். இன்றும் பல் வைத்தியர்கள் சிறு கண்ணாடியால் விளக்கொளியைத் திருப்பி முன்பற்களின் பின்னே செலுத்தி நிழல் பார்ப்பதுண்டு. கடைவாய்ப் பல் அப்படியன்று. பருத்த பல்லுக்கு அருகே பெரிய விளக்கைப் பிடித்தால், பல்லினுள் புகுவது கொஞ்சம். சுற்றி வழிந்து கண்ணைக் கூசச் செய்வதே மிகுதி. தேவைப்பட்டது பெரிய வெளிச்சம் அன்று. ஊசிமுனை போன்ற வெளிச்சம். அதனை உண்டாக்கும் வழி அக்காலத்தில் இல்லை.

அந்நிலையில்தான் 1895 நவம்பர் 8ஆம் நாள் வியூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். டிசம்பர் 28ஆம் நாள் தம் கட்டுரையை அளித்தார். அடுத்த ஜனவரியிலேயே பிரவுன்ஷ்வைக் நகரத்துப் பல் வைத்தியர் ஓட்டோ வால்கோஃப், ஒளிப்படக் கண்ணாடித் தகட்டைத் தம் வாய்க்குள் வைத்துக்கொண்டு தம் பற்களையே படம் பிடித்துக்கொண்டார். 25 நிமிஷம் அசையாமல் கதிரின்முன் கிடந்தார் என்பர். அவருக்குத் துணைநின்றவர் கீசல் என்னும் ரசாயன அறிஞர். தசையையும் பல்லையும் ஊடுருவி, திண்மை மிக்க இடத்தை வெண்மையாகவும் திண்மை குறைந்த இடத்தைக் கருமையாகவும் எழுதிக் காட்டும் கதிர் கிடைத்தபின், பிளாட்டினக் கம்பியை யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

இந்தக் கதிரின் கொடுமையை அறியாது அதனோடு பழகியவர்களுள் எட்மண்டு கெல்ஸ் என்பவரின் கதை உள்ளத்தை உருக்குவது. 1856ஆம் ஆண்டில் பிறந்த இவர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பல் வைத்தியராக விளங்கினார். 1896ஆம் ஆண்டிலேயே எக்ஸ் கதிர்க் கருவியை அமைத்துக்கொண்டு, அமெரிக்காவில் உயிருள்ள நோயாளியின் வாயினுள் படம் எடுத்த முன்னோடியானார். அக்காலத்துக் கதிர்க்குழாய்கள் ஒருநாள் இருந்தபடி மறுநாள் இரா. எனவே படம் எடுக்குமுன் குழாய் சரியாக இயங்குகின்றதா என்று பார்க்க வேண்டும். அதற்கு எளிய வழி, தம் கையைக் கதிரின் எதிரே நீட்டி, ஒளிர்திரையில் விரலெலும்புகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று நோக்குதல். கெல்ஸ் அவ்வாறே செய்தார், ஆண்டுக்கணக்காகச் செய்தார். சில ஆண்டுகளில் கையிலே புண் தோன்றிற்று. அது புற்றாயிற்று. முப்பதுக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன. விரல்கள் போயின, பின்பு கை போயிற்று, பின்பு தோள்வரை போயிற்று. தீராத வேதனையால் 1928ஆம் ஆண்டில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வால்கோஃபுக்குத் துணைநின்ற கீசலும் அதற்கு முந்திய ஆண்டில் புற்றுநோயால் மாண்டார்.

இவர்களை எச்சரிக்க எவரும் இல்லையோ என்று கேட்கத் தோன்றும். ஒருவர் இருந்தார், அவரும் பல் வைத்தியரே. பாஸ்டன் நகரத்து வில்லியம் ராலின்ஸ் எக்ஸ் கதிரை எக்ஸ் ஒளி என்றே எழுதி வந்தார். தம் கை கதிரால் வெந்ததைக் கண்டு ஆராயத் தொடங்கினார். கினிப் பன்றிகளைக் கதிரின்முன் வைத்துச் சோதித்து, எக்ஸ் ஒளி கொல்லும் என்று 1901ஆம் ஆண்டில் வெளிப்படையாக எழுதினார். குழாயை ஈய உறையால் மூடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்குக் காப்பு வேண்டும். நோயாளியின் உடம்பில் படம் எடுக்கும் இடம் தவிர மற்றப் பகுதிகளை மறையுங்கள் என்று அறிவுறுத்தினார். கேட்டவர் சிலரே. வெற்றிமுழக்கத்தின் நடுவே எச்சரிக்கைக் குரல் எடுபடுவதில்லை. கெல்ஸின் கையையும் ராலின்ஸின் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் வருத்தம், அறியாமையால் நேர்ந்தது என்று அதனை முழுதும் ஒதுக்கிவிட முடியவில்லையே என்பதுதான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எக்ஸ் கதிர் செய்த நன்மையையும் சொல்லியாக வேண்டும். 1913ஆம் ஆண்டில் கூலிட்ஜ் அமைத்த புதுக் குழாய் நிலையாக இயங்கிற்று. கையை நீட்டிச் சோதிக்கும் தேவை ஒழிந்தது. பின்னர், 1925ஆம் ஆண்டில், ஹோவார்டு ரைலி ரேப்பர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் பல்லிடுக்குக்கென்றே ஒரு படமுறையை வகுத்தார். சிறு படச்சுருளின் நடுவே சிறகுபோல ஒரு தாள் நீட்டிக்கொண்டிருக்கும். நோயாளி அச்சிறகைக் கடித்துக்கொள்வார். மேற்பற்களின் முடியும் கீழ்ப்பற்களின் முடியும் ஒரே படத்தில் விழும். பல்லுக்குப் பல் ஒட்டும் பக்கங்கள் தெளிவாகத் தெரியும். அரம் தேடிய மறைவிடத்தை இச்சிறகு காட்டிக் கொடுத்தது. நூறாண்டு ஆகியும் உலகெங்கும் வழக்கில் இருக்கும் முறை அதுவே.

ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. சுண்ணாம்புச் சத்து கணிசமாகக் கரைந்த பின்னரே படத்தில் கருமை தோன்றும். தொடக்க நிலைச் சொத்தை தப்பிவிடும். பற்கள் கோணலாக நின்றால் ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழுந்து இடுக்கை மறைக்கும். நோய் வளர்கின்றதா, நின்றுவிட்டதா என்று அறிய அடிக்கடி பார்க்க வேண்டும்; கதிரையோ அடிக்கடி, அதுவும் குழந்தைகளுக்கு, பாய்ச்சலாகாது. ஆகவே ஒளியின் நினைவு மீண்டும் எழுந்தது.

ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பது பள்ளிப் பாடம். மூன்று அட்டைகளில் நேருக்கு நேர் துளையிட்டு, ஒருபுறம் மெழுகுவத்தியை ஏற்றிவைத்து, மறுபுறம் பையன்களை வரிசையாக வந்து பார்க்கச் செய்து நானும் எத்தனையோ ஆண்டுகள் அப்பாடத்தை நடத்தியிருக்கிறேன். நடு அட்டையைச் சிறிது நகர்த்தியவுடன் சுடர் மறைந்துவிடும். வகுப்பில் ஓர் ஆரவாரம் எழும். பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் 1926ஆம் ஆண்டில் பிறந்த நரீந்தர் சிங் கபானிக்கும் டேராடூனில் அவருடைய ஆசிரியர் இப்பாடத்தையே சொன்னாராம். வளைத்துக் காட்ட முடியாதா என்ற கேள்வி அன்றே தம் மனத்தில் விழுந்தது என்று கபானி பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆசிரியர் சொன்ன விதி பொய்யன்று. மெல்லிய கண்ணாடி இழையினுள் புகுந்த ஒளி நேராகத்தான் ஓடுகின்றது; இழையின் விளிம்பில் சாய்வாக மோதி உட்புறமே திரும்புகின்றது; மறுபடி ஓடி மறுபடி மோதுகின்றது. இழை வளைந்த பக்கமெல்லாம் ஒளியும் இவ்வாறு செல்லும். விதியை மீறாமலே விதிக்கு உட்பட்ட தந்திரம் ஒன்றால் ஒளியை வளைத்தாகிவிட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாப்கின்ஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, பல்லாயிரம் இழைகளைக் கற்றையாகக் கட்டி, அதன் வழியே உருவத்தைச் செலுத்திக் காட்டினார் கபானி. 1954 ஜனவரியில் அவ்வாராய்ச்சி ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. டச்சு நாட்டு வான் ஹீல் என்பவரின் கட்டுரையும் அதே இதழில் வந்தது. இழைக்கு மேலுறை இட்டால் ஒளி கசியாது என்பதைக் காட்டியவர் அவர். கபானி 2020ஆம் ஆண்டில் காலமானார். அடுத்த ஆண்டில் நம் அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை வழங்கிற்று.

புரூக்குக்குக் கிட்டாத ஊசிமுனை வெளிச்சம் இப்பொழுது கிட்டியது. விளக்கு எங்கோ தொலைவில் எரியும். அதன் சூடு அங்கேயே நின்றுவிடும். குளிர்ந்த வெளிச்சம் மட்டும் இழை வழியாக வந்து வாய்க்குள் இறங்கும். ஃபிரீட்மன், மார்க்கஸ் என்னும் இருவர் 1970ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் வைத்தியச் சங்க இதழில் இம்முறையை எழுதினார்கள். பின்வந்தோர் முனையை அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருக்கினர். பற்கள் ஒட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே முனையை வைத்தால், மேலேயிருந்து பார்ப்பவர்க்குச் சொத்தை ஒரு கருங்கோடாகத் தெரியும்.

ஏன் கருமையாகத் தெரிய வேண்டும்? சொத்தை பிடித்த இடம் கறுப்பாக இருப்பதால் என்று எண்ணிவிடக் கூடாது. தொடக்க நிலைச் சொத்தை உண்மையில் சுண்ணாம்புபோல் வெளுத்திருக்கும். கற்கண்டுக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்தால் அதனூடே வெளிச்சம் தெரியும். அதனையே இடித்துப் பொடியாக்கினால் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடுகின்றது, வெளிச்சம் ஊடுருவுவதில்லை. பொருள் மாறவில்லை, நடுவே காற்று புகுந்து, எண்ணற்ற பரப்புகள் உண்டாகி, ஒளியை நாற்புறமும் சிதறடிக்கின்றன. வடை மடித்த காகிதத்தில் இதற்கு மறுதலையான காட்சியைக் காணலாம். எண்ணெய் ஊறிய இடத்தில் காகிதத்தின் நுண்துளைகள் நிரம்பிச் சிதறல் குறைவதால், அங்கே வெளிச்சம் தெரிகின்றது. நல்ல எனாமல் கற்கண்டுக் கட்டி. நுண்துளை விழுந்த எனாமல் கற்கண்டுப் பொடி. பின்னாலிருந்து வரும் ஒளி அவ்விடத்தில் சிதறிப்போய் நம் கண்ணை வந்தடையாததால் அது நிழலாகத் தோன்றுகின்றது.

இழை விளக்கை எக்ஸ் கதிர்ப் படத்தோடு ஒப்பிட்டுப் பலர் சோதித்தனர். முடிவுகள் ஒத்துவரவில்லை. எனாமலைக் கடந்து உள்ளே சென்றுவிட்ட சொத்தையை அது காட்டிற்று. எனாமலிலேயே நின்ற சிறு சொத்தையைப் பலமுறை தவறவிட்டது. பார்ப்பவரின் கண்பழக்கத்தையே அது நம்பியிருந்தது. இன்று கண்டதை ஆறு மாதம் கழித்து ஒப்பிடப் பதிவும் இல்லை. கண்ணுக்குப் பதிலாகக் காமிராவை வைத்து, படத்தைக் கணிப்பொறியில் ஏற்றும் முறையை 1997ஆம் ஆண்டில் சில அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். பதிவுக் குறை அதனால் நீங்கிற்று. சிதறல் குறை நீங்க, ஒளியையே மாற்ற வேண்டியிருந்தது.

அந்த மாற்றத்துக்கான குறிப்பு வானத்திலேயே எழுதியிருக்கின்றது. அந்திச் சூரியன் சிவந்து தோன்றுவது ஏன்? நீல ஒளி குறுகிய அலைநீளம் உடையது, காற்றில் சிதறிப்போகின்றது. சிவப்பு நீண்ட அலை. சிதறாமல் நம்மை வந்தடைகின்றது. எனாமலிலும் அலை நீள நீளச் சிதறல் குறையும். அப்படியாயின் சிவப்பையும் கடந்து, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக்குச் சென்றால் என்ன? சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஃபிரீட் என்பவரும் அவர் குழுவினரும் இதனை அளந்து பார்த்தார்கள். நாம் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. 1310 நானோமீட்டர் அலையில் நல்ல எனாமல் கண்ணாடிபோல் தெளிந்துவிட, நுண்துளை விழுந்த இடம் மட்டும் தனித்துக் கறுத்து நின்றது. 2003ஆம் ஆண்டில் அம்முடிவு வெளிவந்தது.

ஆனால் அவ்வலையைப் பார்க்கவல்ல காமிரா விலை மிகுந்தது. சாதாரணக் காமிராக்களில் உள்ள சிலிக்கான் அதனை உணராது. எனவே 2012ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கம்பெனியாகிய காவோ வெளியிட்ட கருவி, 780 நானோமீட்டர் அலையோடு நின்றுகொண்டது. சிவப்பின் எல்லையை அப்பொழுதுதான் தாண்டிய அலை அது, சிலிக்கானுக்கும் புலப்படும். தெளிவில் சிறிது விட்டுக்கொடுத்து, விலையில் பெற்றுக்கொண்டார்கள். அதன் அமைப்பு அழகானது. இரண்டு மெல்லிய கரங்கள் பல்லின் இருபுறமும் ஈறின்மேல் படிந்துகொள்ளும். ஒளி ஈறு வழியாக வேருக்குள் புகுந்து, பல்லினுள் ஏறி, முடியின் வழியே வெளிவரும். மேலே உள்ள சிறு காமிரா அதனைப் படமாக்கும். பல்லே விளக்காகிவிடுகின்றது எனலாம். 2019ஆம் ஆண்டளவில், பல்வரிசையை அளந்து உருவெடுக்கும் கருவிகளிலும் அகச்சிவப்பு ஒளி சேர்ந்துவிட்டது.

நோயுற்ற பல் தானே விடும் மெல்லொளியைக் கொண்டு சொத்தையைக் காணும் முயற்சியும் இதனோடு உடன் நடந்ததே. 1998ஆம் ஆண்டில் வந்த ஒரு கருவி 655 நானோமீட்டர் செவ்வொளியைப் பாய்ச்சி, நுண்ணுயிர்கள் விட்டுச்சென்ற பொருள்கள் திருப்பி வீசும் ஒளியை எண்ணாகக் காட்டும். பல்லின் மேல்முகத்துக்கு அது நன்கு பயன்பட்டது. இடுக்கில் அதற்கு அவ்வளவு இடங்கிடைக்கவில்லை. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டில் கண்ட ஒளிச்சிதறல் விளைவைக் கொண்டும் தொடக்க நிலைச் சொத்தையைக் காண்பதற்குக் கனடாவில் ஆராய்ந்தனர். 2005ஆம் ஆண்டில் அதன் முடிவுகள் வெளிவந்தன. அவை ஆராய்ச்சிக்கூடத்து முடிவுகளே.

எங்கள் ஊர்ப் பல் மருத்துவமனை ஒன்றில் அகச்சிவப்புக் கருவியைச் சென்ற ஆண்டு நேரில் கண்டேன். மருத்துவர் என்னிடம் படித்த மாணவி. என் பற்களின் படம் திரையில் எழுந்தது. வெளிறிய பல்லின் விளிம்பிலே புகைபோல் ஒரு சிறு கருமை. “சார், இது எனாமலைத் தாண்டவில்லை. இப்போது குடைய வேண்டாம். நூல் விட்டுச் சுத்தம் செய்யுங்கள், ஃபுளோரைடு பூசிவிடுகிறேன், ஆறு மாதம் கழித்து இதே இடத்தைப் படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்” என்றார். அவர் சொன்னதில் என் கருத்தை ஈர்த்தது அந்தப் பொறுமைதான். நிழலைக் கண்டவுடன் துளையிடுபவர் கையில் இக்கருவி அகப்பட்டால், ஆர்தரின் அரம் செய்த வேலையையே அது புதிதாகச் செய்யும். தானே ஆறக்கூடிய புள்ளிகளையெல்லாம் அது காட்டிக் கொடுக்கும். அவற்றையெல்லாம் குடைந்து அடைக்க ஒரு கை வேண்டும், அவ்வளவே. முன்னதாகக் காண்பதன் பயன், முன்னதாகக் குடைவதற்காக அன்று, குடையாமல் காத்திருப்பதற்காகவே.

ஒளியால் இயலாதனவும் உண்டு. சொத்தை நரம்பை எவ்வளவு நெருங்கிவிட்டது என்று அது அளந்து சொல்லாது. உலோகத்தால் அடைத்த பல்லின் அடியில் என்ன நடக்கின்றது என்பதையும், வேரின் நுனியில் சீழ் கட்டியிருப்பதையும், தாடையெலும்பு தேய்ந்திருப்பதையும் அது காட்டாது. இவற்றுக்கு இன்றும் எக்ஸ் கதிரே வேண்டும். அந்தக் கதிரும் கெல்ஸ் காலத்துக் கதிர் அன்று. படச்சுருள் இருந்த இடத்தில் மின்னுணர் தகடு வந்துவிட்டது; கதிர் பரவாமல் குறுக்கிவிட்டார்கள்; பாயும் அளவு மிகமிகக் குறைந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கப் பல் வைத்தியச் சங்கம் ஒரு பரிந்துரை வெளியிட்டது. பல்லைப் படம் எடுக்கும்போது நோயாளியின் மார்பிலும் கழுத்திலும் ஈயப் போர்வை இடுவது இனித் தேவையில்லை என்பது அது. நோயாளியின் உடம்பை மறையுங்கள் என்று ராலின்ஸ் முதலில் எழுதி அப்பொழுது நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.